பாலைவனத்தில் ஓர் அயலவர்

புனித சார்ள்ஸ் தெ ஃபூக்கோ (1858 – 1916)

2022ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் திகதி, வத்திக்கானின் புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் பத்துப் பேருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார். அவர்களுள் ஒருவர் தேவசகாயம் பிள்ளை. 1752இல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்ட அந்த மறைசாட்சிக்காக உலகெங்கும் வாழும் தமிழ்க் கத்தோலிக்கர் அன்று மகிழ்ந்தனர். அதே நாளில் அதே சதுக்கத்தில் வாசிக்கப்பட்ட மற்றொரு பெயரை நம்மில் அநேகர் கவனித்திருக்க மாட்டோம். அவரும் சுட்டுக் கொல்லப்பட்டவரே. சகாரா பாலைவனத்தின் நடுவே, முழுக்க முழுக்க இஸ்லாமியர் வாழ்ந்த ஒரு சிற்றூரில், ஒரு கிறிஸ்தவத் துறவியாகத் தனித்து வாழ்ந்து இறந்த பிரெஞ்சுக்காரர் அவர். பெயர் சார்ள்ஸ் தெ ஃபூக்கோ.

நமது நூற்றாண்டு மலருக்கு இவருடைய வாழ்க்கையைத் தெரிவுசெய்ததற்குக் காரணம் உண்டு. நான் ஒரு வைத்தியர், இறையியல் கற்றவளல்ல. ஆயினும் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட எவரும், அவர் வைத்தியராகவோ ஆசிரியராகவோ தாதியாகவோ தாயாகவோ இருக்கலாம், இவருடைய வாழ்வில் நடந்த ஒரு சம்பவத்தை அறிந்திருப்பது நல்லது என்று நினைக்கிறேன். அது 1908ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஒரு நோய்ப்படுக்கையில் நடந்தது. அவர் அந்தப் படுக்கைக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

விவிலியத்தில் பாலைவனம்

நம் பாடசாலையில் எந்தச் சமயத்தைச் சேர்ந்த மாணவியாக இருந்தாலும் காலைக் கூட்டத்தில் விவிலியக் கதைகள் காதில் விழுந்தே இருக்கும். அவற்றில் பாலைவனம் அடிக்கடி வரும். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மீண்ட இஸ்ரயேல் மக்கள் 40 ஆண்டுகள் பாலைவனத்தில் அலைந்தனர். விரட்டப்பட்ட ஆகார், தன் மகன் தாகத்தால் சாவதைப் பார்க்க மனமின்றி ஒதுங்கி அமர்ந்து அழுதபோது, கிணறு கண்ணில் பட்டதும் பாலைவனத்தில்தான். வாழ்வு போதும் என்று வெறுத்துப்போய்ப் படுத்த எலியா இறைவாக்கினருக்கு அப்பமும் தண்ணீரும் கிடைத்தன. இயேசு 40 நாட்கள் உண்ணாமல் சோதிக்கப்பட்டார். தவக்காலத்தின் 40 நாட்களும் அதை நினைவூட்டுகின்றன. பின்னர் எகிப்தில் அந்தோனியார் முதலான துறவிகள் பாலைவனத்தைத் தேடிச் சென்று குடியேறினர்.

இந்தக் கதைகள் எல்லாவற்றிலும் இரண்டு விடயங்கள் சேர்ந்தே வருகின்றன. மனிதனிடம் உள்ளவை ஒவ்வொன்றாகக் குறைகின்றன. பிறகு, அவன் எதிர்பாராத திசையிலிருந்து உதவி வருகிறது. சார்ள்ஸ் தெ ஃபூக்கோவின் வாழ்க்கையிலும் இவை இரண்டும் நடந்தன.

செல்வமும் சலிப்பும்

1858 செப்டெம்பர் 15ஆம் திகதி பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஒரு பிரபுக் குடும்பத்தில் அவர் பிறந்தார். 1864இல், ஆறு வயது நிறையுமுன்னரே, தாயையும் தந்தையையும் இழந்தார். அவரையும் தங்கை மரியையும் தாய்வழிப் பேரனார் வளர்த்தார். ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரியான அந்த முதியவர் பேரனுக்கு அளவுக்கு மீறிச் செல்லம் கொடுத்தார் என்பர். 1870ஆம் ஆண்டு யுத்தத்தின் பின் ஸ்ட்ராஸ்பூர்க் ஜெர்மனியின் கைக்குப் போனதால் குடும்பம் நான்சி நகருக்குக் குடிபெயர்ந்தது. பதின்ம வயதிலேயே சார்ள்ஸ் கடவுள் நம்பிக்கையை இழந்தார்.

சென் சீர் இராணுவக் கல்லூரியிலும் பின்னர் சோமியூர் குதிரைப்படைப் பாடசாலையிலும் பயின்றார். பேரனார் இறந்தபோது பெருஞ்சொத்து கைக்கு வந்தது. விருந்துகளிலும் சூதாட்டத்திலும் அதைக் கரைத்தார். சோமியூரில் 87 பேர் கொண்ட வகுப்பில் 87ஆவதாகத் தேறினார். அல்ஜீரியாவுக்கு அனுப்பப்பட்டபோது ஒரு பெண்ணைத் தன் மனைவி என்று சொல்லி அழைத்துச் சென்றார். மேலதிகாரிகள் அவளைத் திருப்பி அனுப்பும்படி கூற, மறுத்து, 1881இல் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். தன் படைப்பிரிவு போர்முனைக்குச் செல்கிறது என்று கேள்விப்பட்டதும் மீண்டும் சேர்ந்தார். சோம்பேறி என்று பெயரெடுத்தவர் அங்கே கஷ்டங்களைத் தாங்கும் நல்ல அதிகாரியாக மாறியதைத் தோழர்கள் வியப்புடன் கண்டனர். ஆனால் 1882இல் இராணுவத்தையும் விட்டார். வட ஆபிரிக்கா அவரை ஈர்த்திருந்தது.

அந்நியர்களுக்கு மூடிக்கிடந்த மொரோக்கோவை ஆராய விரும்பி, அரபும் எபிரேயமும் கற்றார். 1883 ஜூன் முதல் 1884 மே வரை, மர்தொக்கே என்ற யூத ரபியின் வழிகாட்டலில், தாமும் ஒரு யூத ரபியாக வேடமிட்டு நாட்டைச் சுற்றினார். உள்ளங்கைக்குள் மறையும் சிறு குறிப்புப் புத்தகத்தில் மலைகளையும் ஆறுகளையும் குறித்துக்கொண்டார். வழியில் அவர் யாரென்று கண்டுகொண்ட இஸ்லாமியர் சிலர் அவரைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றினர். 1885இல் பாரிஸ் புவியியற் கழகம் அவருக்குத் தங்கப்பதக்கம் வழங்கியது. அப்போது அவருக்கு வயது 26.

பதக்கத்தை விடப் பெரிதான ஒன்றை அவர் அங்கிருந்து கொண்டுவந்திருந்தார். நாளுக்கு ஐந்து முறை எல்லா வேலைகளையும் நிறுத்திவிட்டுத் தொழுத மக்களின் நடுவே வாழ்ந்தது, கடவுள் இருக்கக்கூடுமோ என்ற கேள்வியை அவருக்குள் எழுப்பியது. ஒரு கத்தோலிக்கப் புனிதரைத் தம் சொந்த நம்பிக்கைக்குத் திரும்பிப் பார்க்கச் செய்தது இஸ்லாமியரின் தொழுகை என்பது எனக்கு எப்போதும் இனிமையான செய்தி.

நசரேத்தைத் தேடி

பாரிஸில் அவருடைய உறவினரான மரி தெ பொந்தி என்ற பெண்மணி, வாதம் செய்யாமல், அன்பாலேயே அவருக்கு வழிகாட்டினார். 1886 ஒக்டோபர் இறுதியில் புனித அகுஸ்தீன் ஆலயத்தில் அருட்தந்தை ஹூவ்லேனை சார்ள்ஸ் சந்தித்தார். சமயம் பற்றிக் கற்றுக்கொள்ள வந்தேன் என்றவரை, அந்தக் குரு முழந்தாட்படியிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்யச் சொன்னார். அன்றிலிருந்து அவருடைய வாழ்வு திரும்பியது.

1890 ஜனவரியில் கடும் ஒழுங்குகள் கொண்ட திரப்பிஸ்ற் துறவற மடமொன்றில் சேர்ந்தார். அங்கிருந்து, அப்போது சிரியாவின் பகுதியாக இருந்த அக்பெஸ் என்ற இடத்திலுள்ள ஏழை மடத்துக்குச் சென்றார். மடத்துக்கு அருகில் நோயுற்று இறந்த ஓர் ஏழைத் தொழிலாளியின் வீட்டுக்குப் போனபோது, அந்தக் குடும்பத்தின் வறுமையுடன் ஒப்பிட்டால் தம் மடம் வசதியானது என்பதை உணர்ந்தார். இயேசு நசரேத்து ஊரில் 30 ஆண்டுகள் யாரும் அறியாத தச்சராக வாழ்ந்தாரே, அந்த வாழ்க்கையே தமக்கு வேண்டும் என்று 1897இல் மடத்தை விட்டு வெளியேறினார். நசரேத்திலேயே கிளாரா சபைக் கன்னியர் மடத்தில் வேலையாளாகச் சேர்ந்து, தோட்டத்துக் கருவிகள் வைக்கும் குடிலில் தங்கினார். 1901 ஜூன் 9ஆம் திகதி, 42ஆவது வயதில், பிரான்சில் குருவானவராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் சகாராவுக்குப் புறப்பட்டார்.

முதலில் தங்கிய இடம், மொரோக்கோ எல்லைக்கு அருகிலுள்ள பெனி அபெஸ். அங்கே அவர் கட்டிய சிறு வீட்டுக் கதவை ஏழைகளும் வழிப்போக்கரும் படைவீரரும் அடிமைகளும் நாள் முழுவதும் தட்டினர். அடிமை முறை அங்கு வெளிப்படையாக நடந்ததையும், பிரெஞ்சு நிர்வாகம் அதைக் கண்டும் காணாமல் விட்டதையும் கண்டு கொதித்தார். சிலரைப் பணம் கொடுத்து மீட்டார். இது அநீதி என்று ஆயர்களுக்கும் அதிகாரிகளுக்கும் திரும்பத் திரும்ப எழுதினார். தம்மைப் பின்பற்றிச் சகோதரர்கள் வருவார்கள் என்று நம்பி அவர்களுக்கான ஒழுங்குகளை எழுதி வைத்தார். யாரும் வரவில்லை.

தமன்ராசெற்

1905 ஓகஸ்ட் மாதம், ஹொக்கார் மலைப்பகுதியிலுள்ள தமன்ராசெற் என்ற இடத்துக்கு வந்தார். அல்ஜியர்ஸ் நகரிலிருந்து 1500 கிலோமீற்றருக்கும் அப்பால், ஏறத்தாழ இருபது குடிசைகள் மட்டுமே இருந்த ஊர் அது. சுற்றிலும் ஒட்டகத்தோடும் ஆட்டு மந்தைகளோடும் இடம்பெயர்ந்து திரிந்த துவாரெக் மக்கள். அவர்களுடைய தலைவர் மூஸா அக் அமஸ்தான் அவர் தங்குவதற்கு இணங்கினார். இரண்டு மீற்றர் கூட அகலமில்லாத நீண்ட ஒடுங்கிய வீடொன்றை அமைத்துக்கொண்டார். மருந்தும் ஊசி நூலும் தானியமும் கேட்டு வந்தவர்களுக்குக் கொடுத்தார்.

துணைக்கு வந்த ஒரேயொரு சகோதரரும் சில மாதங்களில் நோயுற்றுத் திரும்பிவிட்டார். அக்காலத் திருச்சபை ஒழுங்கின்படி, உதவிக்கு ஒருவராவது இல்லாமல் குரு தனியே திருப்பலி நிறைவேற்ற முடியாது. அங்கே வேறு கிறிஸ்தவர் இல்லை. 1907ஆம் ஆண்டு நத்தார் இரவு அவர் குருவாக இருந்தும் திருப்பலி இல்லாமலே கழிந்தது. திருப்பலிக்காகவே வாழ்ந்த ஒரு குருவுக்கு இது எத்தகைய வெறுமை என்பதைக் கத்தோலிக்க வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெளியே நீண்ட வறட்சி. புல் கருகி, ஆடுகளின் மடி வற்றியிருந்தது. தம்மிடமிருந்த தானியத்தைப் பசித்த பிள்ளைகளுக்குப் பகிர்ந்துவிட்டு, அவர் மிகக் குறைவாக உண்டார்.

1908 ஜனவரியில் அவர் விழுந்தார். அசைந்தால் மூச்சு வாங்கியது. எழுந்து நிற்க முடியவில்லை. இறக்கப்போகிறோம் என்றே எண்ணினார். வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் அந்நோயை ஸ்கேவி என்று குறிப்பிடுகின்றனர். விற்றமின் சி இல்லாத உணவை மாதக்கணக்கில் உண்பவர்களுக்கு வருவது அது. முதலில் சோர்வு, பிறகு முரசில் இரத்தக்கசிவு, மூட்டுவலி, மூச்சுத்திணறல்; கவனிக்காவிட்டால் மரணம். நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் விற்றமின் சி கிடைத்தாலே இந்நோயைத் தடுக்கலாம் என்று இன்று நாம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். 1908இல் அந்தப் பொருளை யாரும் பிரித்தெடுத்திருக்கவில்லை.

செய்தி அறிந்த துவாரெக் மக்கள் என்ன செய்தார்கள்? சுற்றுவட்டாரத்தில் நான்கு கிலோமீற்றர் தூரத்துக்குள் எந்த ஆட்டின் மடியில் சிறிதளவேனும் பால் இருந்ததோ, அதையெல்லாம் கறந்து சேர்த்து அவருக்குக் கொண்டுவந்தார்கள். தங்கள் பிள்ளைகளுக்கே பால் போதாத பஞ்ச காலம் அது. பால் விற்றமின் சி நிறைந்த உணவு என்று சொல்ல முடியாது. எனினும் காய்ச்சாத புதுப்பாலில் சிறிதளவு உண்டு. புரதமும் கொழுப்பும் நீரும் உண்டு. மெல்ல மெல்ல அவர் எழுந்தார். பின்னர் அவருடைய இராணுவ நண்பர் லாப்பெரின் உணவுப்பொருட்களை ஒட்டகங்களில் அனுப்பினார். ஜனவரி 31ஆம் திகதி, தனியாகத் திருப்பலி நிறைவேற்ற உரோமாபுரி அனுமதி வழங்கியிருக்கிறது என்ற கடிதமும் வந்து சேர்ந்தது. ஆனால் அவரைச் சாவிலிருந்து திருப்பியது முதலில் வந்த அந்தப் பால்தான்.

ஆட்டுப்பாலின் அருமை நம் ஊர்ப் பெண்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பால்மா கிடைக்காத யுத்த காலத்தில் அயல்வீட்டு ஆட்டின் பாலில் வளர்ந்த பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆகவே அந்தப் பாத்திரத்துடன் வாசலில் வந்து நின்ற துவாரெக் பெண்ணை நம்மால் எளிதில் கற்பனை செய்ய முடியும்.

அதுவரை கொடுப்பவர் அவர். பெறுபவர்கள் அந்த மக்கள். மருந்து அவரிடம் இருந்தது, தானியம் அவரிடம் இருந்தது, உண்மையும் தம்மிடமே இருப்பதாக அவர் எண்ணியிருந்தார். 1908இல் எல்லாம் தீர்ந்துபோய், அவர்களுடைய தயவில் உயிர் பிழைத்தார். கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையே எப்போதும் ஓர் உயரவேறுபாடு உண்டு. வைத்தியசாலை வாட்டில் நின்றுகொண்டிருக்கும் நமக்கும் கட்டிலில் படுத்திருப்பவருக்கும் இடையிலும் அது உண்டு. அவருக்கு அது அந்த மாதத்தில் நீங்கியது. அதன் பின்னர் துவாரெக் மக்களோடு அவர் கொண்ட உறவு நண்பரோடு நண்பர் கொள்ளும் உறவாக மாறியது என்று அவர் வாழ்வை ஆராய்ந்தோர் கூறுகின்றனர்.

சொற்களைச் சேர்த்தவர்

எழுந்தபின் அவர் பெரும்பாலான நேரத்தைச் செலவிட்டது துவாரெக் மொழியில். ஒரு மக்களின் சொற்களை அறியாமல் அவர்களுடைய நண்பராக முடியாது என்று அவர் கண்டிருந்தார். கூடாரங்களில் அமர்ந்து, தாவரப் பெயர்கள், ஆடைகள், உறவுமுறைகள், பழமொழிகள், பாடல்கள் எல்லாவற்றையும் கேட்டு எழுதினார். துவாரெக் சமூகத்தில் கவிதைக்கும் இசைக்கும் பெண்களே காவலர்கள். ஒற்றைத் தந்தி கொண்ட இம்ஸாத் என்ற வாத்தியத்தை வாசிப்பவர்களும் அவர்களே. தலைவர் மூஸாவின் உறவினரும் புகழ்பெற்ற கவிஞருமான தஸ்ஸீன் என்ற பெண்மணி அவருடைய மொழிப்பணிக்குத் துணைநின்றார். சுமார் 6000 வரிப் பாடல்களை அவர் திரட்டினார். அவருடைய துவாரெக் – பிரெஞ்சு அகராதி நான்கு பெருந்தொகுதிகளாக, அவருடைய சொந்தக் கையெழுத்திலேயே, 1951 – 52இல் அச்சாயிற்று. தம் பெயர் நூல்களில் வரவேண்டாம் என்பதே அவர் விருப்பமாக இருந்தது. தம்மோடு பணியாற்றி 1907இல் மறைந்த மொத்திலின்ஸ்கி என்ற அறிஞரின் பெயரிலேயே அவை வரட்டும் என்றார்.

1913இல் ஊக்ஸெம் என்ற துவாரெக் இளைஞரைத் தம்முடன் பிரான்சுக்கு அழைத்துச் சென்று, தம் உறவினர் வீடுகளில் விருந்தாளியாகத் தங்கவைத்தார். அன்பு இரு பக்கமும் போய்வர வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

இவரைப் பற்றிய குறையையும் சொல்லத்தான் வேண்டும். அவர் தம் காலத்துப் பிரெஞ்சுக்காரர். பிரெஞ்சு ஆட்சி அந்த மக்களுக்கு நன்மை செய்யும் என்று நம்பினார். இராணுவ அதிகாரிகளோடு தொடர்பு வைத்திருந்து, செய்திகளையும் ஆலோசனைகளையும் எழுதி அனுப்பினார். முதலாம் உலக யுத்த காலத்தில் ஊர்மக்களின் பாதுகாப்புக்கென அவர் கட்டிய சிறு கோட்டையில் துப்பாக்கிகளும் வைக்கப்பட்டிருந்தன. அந்நியர் ஆட்சியைக் கண்ட நம் போன்ற நாட்டவர் இதை மறக்க முடியாது. ஆனால் அந்த ஆட்சியின் அநீதிகளை அதன் முகத்துக்கு நேரே கண்டித்தவரும் அவரே.

டிசெம்பர் முதல் நாள்

1916 டிசெம்பர் 1ஆம் திகதி மாலை, அவருக்குத் தெரிந்த ஒருவர் கதவைத் தட்டித் தபால் வந்திருக்கிறது என்றார். கதவு திறந்ததும், மறைந்திருந்த ஆயுதக் குழுவினர் அவரை வெளியே இழுத்துக் கைகளைப் பின்னால் கட்டி முழந்தாளில் இருத்தினர். வீட்டைக் கொள்ளையிட்டனர். அந்த வேளை ஒட்டகத்தில் இரு படைவீரர் வருவது தெரிந்தது. பதற்றமடைந்த காவற்பையன் சுட்டான். அவனுக்கு வயது பதினைந்து அளவில் இருக்கும் என்பர். சார்ள்ஸ் அந்த இடத்திலேயே இறந்தார், வயது 58. ஊரவர் அவரை அருகிலேயே புதைத்தனர். சில வாரங்கள் கழித்து அங்கு வந்த பிரெஞ்சு அதிகாரி, நற்கருணைப் பாத்திரம் மணலில் எறியப்பட்டுக் கிடப்பதைக் கண்டெடுத்தார். மூஸா அக் அமஸ்தான் பிரான்சிலிருந்த தங்கை மரிக்குத் தம் துயரத்தைத் தெரிவித்துக் கடிதம் எழுதினார்.

அன்றைய கணக்கு என்ன? அவர் கனவு கண்ட சபையில் ஒரு சகோதரர்கூட இல்லை. அவர் திருமுழுக்குக் கொடுத்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். அகராதி அச்சேறவில்லை. எந்த மதிப்பீட்டுப் படிவத்தில் இட்டாலும் தோல்வி என்றே வரும்.

பிறகு நடந்ததை அவர் பார்க்கவில்லை. 1921இல் ரெனே பசேன் என்ற எழுத்தாளர் அவருடைய வரலாற்றை நூலாக எழுதினார். அதை வாசித்த இளைஞர்களுள் ஒருவரான ரெனே வொயோம், 1933இல் நான்கு தோழர்களுடன் சகாராவில் இயேசுவின் சிறிய சகோதரர்கள் என்ற சபையைத் தொடங்கினார். அதே நூலால் ஈர்க்கப்பட்ட மக்தலேன் என்ற பெண் கடும் மூட்டுவாத நோயாளி. மழையே பெய்யாத, சகாரா போன்ற இடத்தில் வாழ்ந்தாலொழிய நோய் முற்றும் என்று அவருடைய வைத்தியர் சொன்னாராம். அதையே அவர் இறைவனின் அழைப்பாக எடுத்துக்கொண்டார்! 1939இல் அல்ஜீரியாவில் அவர் தொடங்கிய இயேசுவின் சிறிய சகோதரிகள் சபை பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது. இச்சகோதரிகள் பெரிய நிறுவனங்களை நடத்துவதில்லை. ஏழைகளின் குடியிருப்புகளில் இரண்டு மூன்று பேராகக் குடியிருந்து, அயலவரைப் போலவே கூலி வேலை செய்து வாழ்கிறார்கள்.

நமது பாடசாலைக்கு நூறு வயது நிறைவடையும் இவ்வேளையில் இவருடைய வாழ்க்கை எனக்கு இரண்டு விடயங்களை நினைவூட்டுகிறது.

ஒன்று, நம் ஆசிரியைகள். எத்தனையோ பேர் இடப்பெயர்வுகளுக்கிடையிலும் கரும்பலகையின் முன் நின்றார்கள். அவர்கள் கையெழுத்தைத் திருத்திய சிறுமி எந்த நாட்டில் என்னவாக இருக்கிறாள் என்பதை அறியாமலே பலர் கண்மூடிவிட்டார்கள். அவர்கள் செய்தது வீண் என்று யாராவது சொல்ல முடியுமா? இந்த மலரை எங்கெங்கோ இருந்து வாசிக்கும் நீங்களே அதற்குப் பதில்.

மற்றது, நாம். கொடுப்பதற்கே பழக்கப்பட்டவர்கள் நாம். உதவி கேட்பதென்றால் கூச்சம். கணவனை இழந்தவர்கள், பிள்ளைகள் தூர தேசம் போய்விட்டவர்கள், பனி மூடிய நகரங்களில் வயோதிபத்தைத் தனியே சந்திப்பவர்கள், நோயை வெளியே சொல்லாமல் மறைப்பவர்கள் நம் சங்கத்தில் நிறையவே இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தத்தம் பாலைவனத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வைத்தியராகவும் சகோதரியாகவும் நான் சொல்வது இதுதான்: யாராவது பாற்பாத்திரத்தோடு உங்கள் வாசலில் வந்து நின்றால், வேண்டாம் என்று அனுப்பிவிடாதீர்கள். வாங்கிக் குடியுங்கள். உங்கள் அயலில் யாருடைய கதவு பல நாட்களாகத் திறக்கப்படவில்லை என்பதையும் கவனியுங்கள்.